72 மணி நேரம்: ஒரு தடுப்பு மருந்தின் வரலாறு

நம் சங்க மலரில் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். சர்க்கரை நோய், ரத்த தானம், குழந்தைகளுக்கான தடுப்பூசி என்று, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பத்துமூன்று வருஷம் உழைத்தவனுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியாயிற்று. இந்த ஆண்டு மலர்க் குழுவினர், "சார், வழக்கமான ஆரோக்கியக் குறிப்பு வேண்டாம். வரலாற்றுக் கட்டுரையா ஒண்ணு குடுங்க" என்றார்கள். திருமுக்கூடல் கல்வெட்டு சொல்லும் சோழர் கால ஆதுலர் சாலையைப் பற்றி எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். நல்ல பொருள்தான். ஆனால் அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய தமிழாசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

எனக்கு மனசில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. நம் சங்கக் குடும்பம் ஒன்றில் பிறந்து, நம் பொங்கல் விழா மேடையில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு பிள்ளை, சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்டான்: "மாமா, மலர்ல இத்தனை வருஷமா எழுதறீங்களே, இதை மட்டும் ஏன் எழுதலை?" அவனுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேர், தெரு, வேலை எதையும் சொல்லப்போவதில்லை. யாரும் ஊகிக்கவும் முயல வேண்டாம்.

அவன் "இது" என்று சொன்னது எச்.ஐ.வி. கிருமி உடம்புக்குள் போயிருக்கலாமோ என்று அஞ்சும்படி ஒன்று நடந்துவிட்டால், அது வேர் பிடிக்காமல் தடுக்கச் சாப்பிடும் மருந்தை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மருத்துவமனையில் 'பெப்' என்பார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் செய்தி. ஆனால் இந்த 72-ம் 28-ம் எங்கிருந்து வந்தன, யார் யார் பாடுபட்டு இவை நமக்குக் கிடைத்தன என்பது பெரிய கதை.

ஓர் ஊசிக்குத்து

கதையை என் கையிலிருந்தே தொடங்குகிறேன். நான் 1978-ல் பம்பாய்க்கு வந்தவன். 1994-ல் ஒரு நாள், ஒரு நோயாளியிடம் ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடப் போய், இடது கை ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டேன். அந்தக் காலத்தில் எல்லாரும் மூடி போடுவோம். போடக் கூடாது என்று சொல்லித் தர ஆளில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது.

மேலதிகாரியிடம் சொன்னேன். "ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டீங்க இல்ல? ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எங்களில் பலருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஆறு மாசமும் வீட்டில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. மனைவியிடம் உடம்பு சரியில்லை என்று ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப் படுத்தேன். பிள்ளைகள் என் தம்ளரில் தண்ணீர் குடித்தால்கூட அதட்டினேன். தம்ளரால் வராது என்று ஆய்வுக்கூடத்தில் இருந்த எனக்கே தெரியும். ஆனால் பயத்துக்குப் படிப்பு ஏது? ஆறு மாசம் கழித்து ரத்தத்தில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அன்றைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒதுக்கி வைத்த மருந்து

நான் அப்படிப் பயந்துகொண்டிருந்த நாளிலேயே உலகில் ஒரு மருந்து இருந்தது. அதன் பெயர் ஜிடோவுடின், ஏ.இசட்.டி. என்பார்கள். 1964-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி, புற்றுநோய்க்கு என்று செய்து பார்த்த பொருள் அது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. காப்புரிமைகூட வாங்காமல் ஒதுக்கி வைத்துவிட்டார்.

1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியாவைப் பற்றி அமெரிக்க அரசின் வார அறிக்கையில் ஒரு குறிப்பு வந்தது. எய்ட்ஸ் பற்றி மருத்துவ உலகம் பதிவு செய்த முதல் செய்தி அதுதான். 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பிரான்ஸுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோந்தானியேயும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2008-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். 1985-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் சாமுவேல் புரோடர், ஹிரோவாகி மிட்சுயா முதலியோர், ஹார்விட்ஸ் ஒதுக்கி வைத்த அதே பொருள் இந்தக் கிருமியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். 1987 மார்ச்சில் ஏ.இசட்.டி.க்கு அனுமதி கிடைத்தது. எச்.ஐ.வி.க்கு எதிராக அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

மருத்துவமனைப் பணியாளர்கள் காட்டிய கணக்கு

நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தை, நோய் வருமுன் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் மருத்துவமனைப் பணியாளர்கள். 1984-லேயே இங்கிலாந்தில் ஒரு செவிலியருக்கு ஊசிக்குத்தின் வழியாகத் தொற்று வந்தது பதிவாகியிருந்தது. ஏ.இசட்.டி. வந்ததும், ஊசி குத்தியவர்களுக்குச் சில மருத்துவமனைகள் அதைக் கொடுக்கத் தொடங்கின. பலன் உண்டா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஒருவருக்கு நிஜ மருந்து, ஒருவருக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்து ஒப்பிட ஒரு சோதனை தொடங்கினார்கள். போதிய ஆட்கள் சேராததால் அது கைவிடப்பட்டது. உங்கள் விரலில் குத்தியிருந்தால், வெறும் மாத்திரை வரும் சீட்டைக் குலுக்க ஒப்புவீர்களா?

எனவே வேறு வழியில் கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி நாடுகளில் ஊசிக்குத்தால் தொற்று வந்த பணியாளர்கள் 33 பேர். குத்தியும் தொற்று வராதவர்கள் 665 பேர். இரு பக்கத்தையும் ஒப்பிட்டதில், ஏ.இசட்.டி. சாப்பிட்டவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 81 சதவீதம் குறைந்திருந்தது. இந்த ஆய்வின் முதற்கட்ட முடிவு 1995-லும் முழு வடிவம் 1997-லும் வெளியாயின. இதையொட்டி 1996-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஊசிக்குத்துப் பட்ட பணியாளர்களுக்கு மருந்து கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது.

கணக்கின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். கிருமியுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருந்தே இல்லாவிட்டாலும், ஆயிரத்தில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்று வருகிறது. ஆறு மாசம் நடுங்கிய எனக்கு இந்த ஒரு எண்ணை அன்று யாராவது சொல்லியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

குரங்குகள் காட்டிய கடிகாரம்

72 மணி, 28 நாள் என்ற எண்களுக்கு வருவோம். 1995-ல் அமெரிக்காவில், டெனோஃபோவிர் என்ற மருந்தைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு வெளிவந்தது. மனிதக் கிருமிக்குச் சகோதரன் போன்ற குரங்குக் கிருமியை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றி, 24 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, நான்கு வாரம் கொடுத்தார்கள். குரங்குகள் தப்பின. 1998-ல் அதே குழுவினர் காலத்தை மாற்றிப் பார்த்தார்கள். 24 மணியில் தொடங்கி 28 நாள் கொடுத்தவை எல்லாம் தப்பின. 48 மணி, 72 மணி என்று தள்ளத் தள்ள, தப்பியவை குறைந்தன. சீக்கிரம் தொடங்கினாலும் 3 நாள், 10 நாள் என்று பாதியில் நிறுத்தினால் அப்போதும் குறைந்தன.

ஏன் இப்படி? கிருமி உடம்புக்குள் நுழைந்த கணத்திலேயே எங்கும் பரவிவிடுவதில்லை. உறவின் வழியாக வரும்போது, முதலில் அந்த இடத்துச் சவ்வில் உள்ள சில செல்களில் தங்குகிறது. பெண் குரங்குகளில் பார்த்தபோது, ஓரிரு நாளில் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அடைந்தது. ஐந்தாம் நாள்வாக்கில் ரத்தத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு அது நம் செல்களின் மரபுப் பொருளுக்குள்ளேயே தன்னைத் தைத்துக்கொள்கிறது. அப்புறம் எந்த மருந்தாலும் முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. வாசலில் நிற்கிறவனைத் தடுக்கலாம்; வீட்டுக்குள் வந்து குடும்ப அட்டையில் பேரும் சேர்த்துக்கொண்டவனை என்ன செய்வது? அந்த வாசல் திறந்திருக்கும் நேரம்தான் 72 மணி. ஏற்கெனவே நுழைந்த சில செல்கள் செத்து ஒழியும்வரை காவல் நிற்கத்தான் 28 நாள்.

மனிதர்களிடம் இப்படிச் சோதிக்க அறம் இடம் கொடுக்காது. ஆகவே 72 மணி என்பது தண்டவாளம் போல நேராக வெட்டிய கோடு அன்று. 71-ம் மணியில் தொடங்கினால் நிச்சயம் தப்பலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் மணியில் தொடங்கியவருக்கு உள்ள பலன் எழுபதாம் மணியில் தொடங்கியவருக்கு இல்லை.

வெட்கம் குறுக்கே நின்ற காலம்

ஊசிக்குத்து ஆளுக்கு மருந்து கொடுப்பதில் யாருக்கும் மனத்தடை இல்லை. அவர் கடமையைச் செய்தவர். உறவின் வழியாக ஆபத்து வந்தவருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி வந்ததும் உலகமே தயங்கியது. "மருந்து இருக்கிறதென்றால் ஆணுறையை விட்டுவிடுவார்கள், ஒழுக்கம் கெடும்" என்றார்கள். கிருமிக்கு இந்த வேற்றுமை தெரியாது. மனிதர்களுக்குத்தான் தெரிந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் 1997-ல் துணிந்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். உறவினாலோ போதை ஊசியினாலோ ஆபத்து நேர்ந்தவர்களுக்கு 72 மணிக்குள் மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். பயந்தபடி நடக்கவில்லை. மருந்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதன்பின் முன்னைவிட எச்சரிக்கையாகவே இருந்தார்கள். பிரான்ஸ் 1998-லேயே உறவால் நேரும் ஆபத்துக்கும் இந்த மருந்தை விரித்தது. அமெரிக்க மையமோ அதே 1998-ல், கொடு என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது என்று நின்றது. 72 மணிக்குள் வந்தால் கொடுங்கள் என்று அது தெளிவாகச் சொன்னது 2005 ஜனவரியில்தான். ஏழு ஆண்டுத் தயக்கம்!

இந்த வரலாற்றில் நான் தலைவணங்கும் பெண் ஒருவர் உண்டு. ஜோகன்னஸ்பர்க் நகரப் பத்திரிகையாளர் சார்லின் ஸ்மித். 1999 ஏப்ரலில் தன் வீட்டிலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானார். அந்த நிலையிலும் தடுப்பு மருந்தைத் தேடி அலைந்தார். பிறகு முகத்தை மறைக்காமல், பெயரை மாற்றாமல், தனக்கு நடந்ததைப் பத்திரிகையில் எழுதினார். வன்முறைக்கு ஆளான ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த மருந்து கிடைக்க வேண்டும் என்று போராடினார். அன்றைய அதிபர் தாபோ ம்பெகி, எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதையே ஐயுற்றவர். அப்படிப்பட்ட அரசும் 2002 ஏப்ரலில் இறங்கி வந்து, வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மருந்து கொடுப்பதாக அறிவித்தது. 2007-ல் அது சட்டமாகவும் ஆனது. ஒரு பெண் வெட்கப்பட மறுத்ததால் எத்தனையோ பேருக்குக் கதவு திறந்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது 6 மாதிரிகளில் கிருமி தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். "நம் நாட்டிலாவது, நம் பண்பாட்டிலாவது இந்த நோயாவது" என்றிருந்த நம்பிக்கை அத்தோடு உடைந்தது. சுனிதி அம்மையார் பிறந்த கைதோண்டே குடும்பம், சென்னையில் குடியேறி வணிகம் செய்த மராட்டியக் குடும்பம். மராட்டிய மண்ணில் வாழும் தமிழர்களாகிய நாம் அவரை இரட்டிப்பு உரிமையோடு நினைக்கலாம். 1993-ல் தந்தை பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015-ல் மறையும்வரை நோயாளிகளோடே நின்றார்.

1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, அதாவது நாக்கோ, உருவானது. 2001-ல் மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் மூன்று மருந்துச் சேர்க்கையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேல்நாட்டு விலை அப்போது 10,000 டாலரை ஒட்டி இருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இலவச மருந்து தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. இந்தக் காலத்தில்தான் எங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஊசிக்குத்துப் பதிவேடு வந்தது. அவசரப் பிரிவில் ஒரு சின்ன டப்பாவில் முதல் வேளை மருந்து வந்தது. அதைப் பார்த்த அன்று என் ஆள்காட்டி விரலை நானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

விடுமுறைக்குத் தாதர் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டன. பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றுவோம். சிரித்தோம், மறந்தோம். வராமல் காப்பது பற்றி ஓரளவு பேசினோம்; வந்தவர்களைப் பற்றி அனுதாபமாகவோ அச்சமாகவோ பேசினோம். வந்திருக்குமோ என்று ஒருவன் தவிக்கும் இடைப்பட்ட மூன்று நாளைப் பற்றி நம்மில் யாரும் பேசியதில்லை.

சட்டமும் மெல்ல வந்தது. 2012 டிசம்பர் தில்லிக் கொடுமைக்குப் பின் 2013-ல் திருத்திய குற்றவியல் சட்டப்படி, வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. எச்.ஐ.வி. தொடர்பான தனிச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்து தருவதை அது மருத்துவமனையின் கடமையாக்கியது. மருந்தும் எளிதானது. ஒரு காலத்தில் வாந்தி, தலைசுற்றல் என்று பாதியில் விட்டவர்கள் அதிகம். இன்று நாக்கோ சொல்வது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று.

106 மணி நேரம்

இனி அந்தப் பிள்ளையின் கதை. ஆபீஸ் வேலையாக வெளியூர் போன இடத்தில், ஒரு புதன்கிழமை இரவு பதினொரு மணிக்கு, முன்பின் பழக்கமில்லாத ஒருவரோடு உறவு; ஆணுறை கிழிந்துவிட்டது. வியாழன் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. அன்று ராத்திரியே மும்பை திரும்பினான். வெள்ளி காலை அவன் அக்காவுக்கு வளைகாப்பு. சனிக்கிழமை ஒரு டாக்டரிடம் போய், "காய்ச்சல் மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னான். அவர் ஒரு ஊசி போட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். திங்கள் காலை ஒன்பது மணிக்கு எனக்குப் போன் செய்தான். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். வீட்ல சொல்லமாட்டீங்களே?"

நான் விரல் விட்டு எண்ணினேன். 106 மணி நேரம். அன்றே நல்ல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "இனி தடுப்பு மருந்தால் பலன் இருக்காது, சோதனை செய்து பார்ப்போம்" என்றார். ஆறாம் வாரச் சோதனையில் கிருமி இருந்தது.

ஒரே ஒரு முறை இப்படி நேர்ந்தால் எல்லாருக்கும் தொற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம். கிருமி உள்ளவரோடு ஆண்-பெண் உறவில் பத்தாயிரம் தடவைக்கு ஒற்றை இலக்கத்தில்தான் தொற்று என்பது ஆய்வாளர் கணக்கு. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு அது நூற்றைத் தாண்டும். வேறு பால்வினை நோய் இருந்தாலோ, எதிராளிக்குப் புதிதாகத் தொற்றியிருந்தாலோ ஆபத்து கூடும். அவனுக்கு நேரம் சரியில்லை. மருந்து சாப்பிட்டிருந்தால் நிச்சயம் தப்பியிருப்பான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அந்த வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு நானும் போயிருந்தேன். பந்தியில் அவன் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தான். அப்போது 36, 37 மணி நேரம்தான் ஆகியிருக்கும். வாசல் திறந்திருந்தது. "என்னப்பா, சித்ரான்னத்தைத் தொடவே இல்லையே" என்று நான் கேட்டதற்கு, "பசிக்கலை மாமா" என்றான். பின்னாளில் சொன்னான்: "அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் வந்து பக்கத்துல உட்கார்ந்தேன் மாமா. நீங்க பெரிய மனுஷர், என்ன நினைப்பீங்களோன்னு வாய் வரலை."

1994-ல் என் விரலில் குத்தியதை, ஆறு மாசம் நான் பட்டதை, என்றைக்காவது சங்கத்தில் நாலு பேர் முன் சொல்லியிருந்தால், இந்தக் கிழவனிடம் பேசலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். நான் மறைத்தது வெட்கத்தால். அவன் மறைத்ததும் அதனால்தான். சார்லின் ஸ்மித் செய்ததில் நூறில் ஒரு பங்குகூட நான் செய்யவில்லை.

அவன் இன்று நலமாக இருக்கிறான். நாளுக்கு ஒரு மாத்திரை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படிக் குறைந்தவரிடமிருந்து உறவின் வழியாகத் தொற்றாது என்பது பெரிய ஆய்வுகள் உறுதி செய்த உண்மை. பிடித்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவள் சம்மதித்து, கல்யாணமும் ஆயிற்று. முன்பெல்லாம் நாம் எழுதிய 'உயிர்க்கொல்லி நோய்' என்ற வார்த்தை இனி நம் மலரில் வர வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

மனதில் வைக்க வேண்டியவை

ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். உறவால் நேர்ந்த ஆபத்தானாலும் சரி, வன்முறையானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். முடிந்தால் 2 மணிக்குள் முதல் மாத்திரை. எப்படியும் 72 மணிக்குள். சோதனை முடிவுக்காக முதல் வேளையைத் தள்ள வேண்டியதில்லை. அரசு வழிகாட்டி முக்கியமாகப் பேசுவது மருத்துவப் பணியாளர்களையும் வன்முறைக்கு ஆளானவர்களையும் பற்றித்தான். மற்றவர்கள் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்கலாம், தனியார் மருத்துவரும் எழுதித் தரலாம். "காய்ச்சல்" என்று சொன்னால் காய்ச்சலுக்குத்தான் மருந்து கிடைக்கும்; நடந்ததைச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, மஞ்சள் காமாலைக் கிருமி, சாப்பிடும் மற்ற மருந்துகள் பற்றியும் சொல்லிவிடுங்கள். 28 நாளும் முடித்த பிறகு, மருத்துவர் சொல்லும் நாள்களில் மறுசோதனை. அதுவரை ஆணுறை, ரத்த தானம் கூடாது. நாடு முழுவதற்குமான இலவச உதவி எண் 1097.

இது ஆணுறைக்கு மாற்று ஆகாது. அடிக்கடி ஆபத்து நேரக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே சாப்பிடும் மருந்து தனியாக இருக்கிறது. அதையும் மருத்துவரிடம் கேட்கலாம்.

நம் பிள்ளைகள் புனே, பெங்களூரு, குர்காவ் என்று தனியாக அறையெடுத்து வாழ்கிறார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று உபதேசம் செய்ய இந்தக் கட்டுரையில் எனக்கு ஆசையில்லை. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். இந்தப் பக்கத்தை ஒளித்து வைக்காதீர்கள். கூடத்து மேஜையில், பிள்ளைகள் கண்ணில் படும்படி திறந்தே கிடக்கட்டும். எந்த நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்; என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன், எப்போது நடந்தது என்றுதான் கேட்பேன்.